ஒரு கையால் ஓடும் நாற்காலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு டிசம்பரில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளம் வடிந்ததும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டினார்கள். ஜோசஃபினும் கொட்டினாள். பின்வாசல் படியில் கால் வழுக்கி, முதுகு விளிம்பில் மோத விழுந்தாள். பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஓடி வந்து கை கொடுத்தாள். ஜோசஃபின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எழத்தான் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்துவிட்டு, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. குழந்தை இல்லை. வீட்டுக்குத் தூக்கி வந்து கட்டிலில் போட்டபோது அவள் அழவில்லை. அரிசியில் புழு வைத்திருக்கும், வெயிலில் காயவைக்க வேண்டும் என்றாள்.

அவள் கணவன் அம்புரோஸ் செந்தூல் ரயில்வே பட்டறையில் எந்திரம் பூட்டும் பிட்டர். பழுதான எதையும் சும்மா விடத் தெரியாதவன். பிரம்பு நாற்காலி ஒன்றுக்கு சைக்கிள் சக்கரம் பூட்டிக் கொடுத்தான். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளி அவள் அடுக்களை வரை போக முடிந்தது. ஒருநாள் சொன்னாள்:

“ரெண்டு கையும் சக்கரத்துலயே இருந்தா, சட்டியை எதால பிடிக்கிறது?”

குறையாகச் சொல்லவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். அம்புரோஸ் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு அவனுக்கு வேறு நினைப்பில்லை. பக்கத்தில் ஓர் இரும்புப் பிடி. அதை முன்னும் பின்னும் அசைத்தால் நாற்காலி ஓட வேண்டும், முறுக்கினால் திரும்ப வேண்டும், எல்லாம் ஒரே கையால். செய்தான், பிரித்தான், மறுபடி செய்தான். ஒவ்வொரு தடவையும் அவளைத் தூக்கி உட்காரவைத்து, “இப்பத் தள்ளு, இப்பத் திருப்பு” என்பான். அவள் தள்ளுவாள். நாற்காலி சுவரில் முட்டும். அவன் குனிந்து அச்சைப் பார்ப்பான். ஒருமுறை நாற்காலி கவிழ்ந்து அவள் தரையில் விழுந்தாள். முதலில் நாற்காலியை நிமிர்த்தினான், பிறகு அவளை.

கடைசியில் அது ஓடியது. வலது கையால் ஓட்டிக்கொண்டு, இடது கையில் காப்பிக் குவளையோடு அவள் முன்னறைக்கு வந்தாள். பட்டறையில் எந்திரப் படம் வரையும் ஜெயராஜ் அன்று வந்திருந்தான். எழுந்து நின்றுவிட்டான்.

“இதுக்குப் பேட்டன்ட் எடுக்கணும்லா அம்புரோஸ். விட்டா வேற எவனாச்சும் எடுத்துக்குவான்.”

ஜெயராஜே படம் வரைந்து கொடுத்தான். நெடுநாள் அலைந்தபின் அம்புரோஸ் பெயரில் காப்புரிமை கிடைத்தது. அந்தத் தாளைச் சட்டம் போட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். தாளில் வரைந்த படத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று நாற்காலியைப் பார்க்கக் கேட்டது.

“காட்டிட்டு உடனே வந்துடறேன்” என்றான் அம்புரோஸ்.

“சரிங்க.”

தரையில் பாய் விரித்து அவளை இறக்கிவிட்டு, நாற்காலியை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனான். தனியாகத் திரும்பி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “வச்சிட்டுப் போங்கன்னுட்டாங்க. பிரிச்சுப் பாக்கணுமாம்.”

பழைய பிரம்பு நாற்காலியின் சக்கரங்களைத்தான் புதியதற்கு எடுத்திருந்தான். ஜோசஃபின் தரையிலேயே நகர்ந்தாள். கைகளை ஊன்றி உடம்பை இழுத்து, அடுக்களைக்கும் குளியலறைக்கும் போனாள். மாதங்கள் போயின. கம்பெனியிலிருந்து தகவல் இல்லை.

ஒரு காலையில் நல்லம்மாள் குழம்பு கொடுக்க வந்தாள். ஏதோ கருகும் நாற்றம். ஜோசஃபின் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து உருண்ட கங்கு ஒன்று அவள் வலது காலோடு ஒட்டிக் கிடந்தது.

“ஐயோ அக்கா! காலு!”

ஜோசஃபின் குனிந்து பார்த்தாள். கத்தி நுனியால் கங்கைத் தள்ளிவிட்டாள்.

“நான் கருவாடுன்னு நெனச்சேன்” என்றாள்.

நல்லம்மாள்தான் அழுதாள்.

சாயங்காலம் அம்புரோஸ் வந்து, அவள் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். “நாற்காலி இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது” என்றான்.

“நீங்கதானே கொண்டு போனீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. அவன் அளவு நாடாவை எடுத்து வந்து, கட்டுப் போட்ட காலைச் சுற்றி அளந்தான். “காலுக்கு ரெண்டு பக்கமும் தகடு வச்சு மறைப்பு குடுக்கணும். எங்கயும் படாது. இதுக்கும் பேட்டன்ட் கேக்கலாம்.” அவள் காலை நீட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அது கிடந்த இடத்தில் கிடந்தது.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். அதற்குள் ரப்பர் விலை விழுந்து ஊரே முடங்கியிருந்தது. வாங்க ஆளில்லை என்று சொல்லிக் கம்பெனி நாற்காலியைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்பியது. அம்புரோஸ் அதை மறுபடி பூட்டி, காலுக்குத் தகடும் வைத்தான். அடுத்த சில மாதத்தில் பட்டறையில் ஆட்குறைப்பு வந்தது. அவன் பெயரும் அதில் இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள்.

கிள்ளானில் அம்புரோஸின் தங்கை சூசன் வீட்டுப் பின்னறை கிடைத்தது. அவன் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஜோசஃபின் துணி தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாற்காலியில் போய்வந்தாள். இரண்டாவது காப்புரிமையை அவன் கேட்கவே இல்லை.

ஒரு மழைக்காலச் சாயங்காலம், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் கேட்டான்:

“ஜோசஃபின், இந்த நாற்காலி உனக்குப் பிடிச்சிருக்கா?”

அவள் யோசித்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. உள்ளே தேடிப் பார்த்தாள்.

“ஓடுது” என்றாள்.

அவன் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தான். வெளியே லோரி ஒன்று சேற்றில் மாட்டி உறுமிக்கொண்டிருந்தது.

“என்னைக் கட்டில்ல விடுங்க. முதுகு அசதியா இருக்கு.”

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அம்புரோஸ் அவளைத் தூக்கினான்.