சகலை படுகை

அந்தச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் ஒரு வழக்கம். பூமிக்கடியில் புதிய சுண்ணாம்புக்கல் படுகையை முதலில் எட்டியவர் யாரோ, அவர் பெயர்தான் அதற்கு. வரைபடத்திலும் அப்படியே ஏறிவிடும். குள்ளன் படுகை, மேஸ்திரி படுகை என்று ஏழெட்டு இருந்தன. பெட்டிக்காரர் பெயரில் ஒன்றுகூட இல்லை. துளைபோட்டு எடுக்கும் கல்தண்டுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்குகிறவர் அவர். இருபத்தாறு வருஷமாக அடுக்குகிறார், பாவம்.

போன மாதம் சகலை படுகை ஏறியது. அதை எட்டியவன் துளைபோடும் ஆள், பெட்டிக்காரருடைய மச்சினியின் கணவன். "நம்ம சகலை" என்று சொல்லி இவரே வேலைக்குச் சேர்த்துவிட்டதால் எல்லோருக்கும் அவன் சகலை. வந்து மூன்றே வருஷம். அதற்குள் களிப்பாறைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக்கல்லை எட்டிவிட்டானாம். சுரங்கமே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வீட்டிலும் அதே பாட்டு. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஒருநாள் சகலை போட்ட அந்தத் துளையின் கடைசித் தண்டை ஈரத்துணியால் துடைத்தபோது, கல்லுக்குள் ஒரு சிப்பி தெரிந்தது. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன் கடலடியில் செத்த சிப்பி. அப்படிச் செத்த சிப்பியின் வயிற்றில் சேறு அடியில் தங்கும், மேலே வெள்ளைப் படிகம் வளரும். இதிலோ சேறு மேலே இருந்தது. தண்டு தலைகீழ்! அப்படியானால் பெட்டியில் கீழ்முனையாக இருந்த நல்ல கல் உண்மையில் களிப்பாறைக்கு மேலேதான் இருக்கிறது. அது பழைய படுகையின் வால். புதுப் படுகையே கிடையாது.

பெட்டிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறை ஆய்வாளர் அம்மாவின் அறைக்கு ஓடினார்.

"மேடம், சகலை படுகையே பொய்! தண்டு தலைகீழா கிடக்கு!" நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றே கத்தினார்.

அம்மா சிப்பியைப் பார்த்தார். "ஆமா, தலைகீழ்தான்." தண்டை உருட்டினார். அடியில் சிவப்பு அம்புக்குறி. "மேல்பக்கம் எதுன்னு துளைபோட்டவர் சரியாத்தானே குறிச்சிருக்காரு. பெட்டியில அடுக்கினது யாரு?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பெட்டிக்காரர் குனிந்து மறுபடியும் தண்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான் மேடம்," என்றான் சத்தம் கேட்டு வந்திருந்த சகலை. "அன்னைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல். நானே அடுக்கிட்டேன்."

பெட்டிக்காரருக்கு அந்த வருஷம் முழுக்கக் காய்ச்சலே வரவில்லை.

"உங்க பேரே போகுது, அப்பவும் ஒத்துக்கறீங்களே. இந்த மனசு யாருக்கு வரும்?" என்று சொல்லிக்கொண்டே அம்மா வரைபடத்தில் சகலை படுகையை அழித்தார். சுற்றி நின்றவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் பெட்டிக்காரர் பல்லைக் கடித்தார். "எதுக்குடா பொய் சொன்னே?"

"விடுங்கண்ணே. எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்தவரே நீங்கதானே."

சகலை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.