லைசனி தன் தம்பியோடு பேசமாட்டாள்

"காலை மடக்கி உட்கார வருமா உங்களுக்கு?" என்று கேட்டபடியே வரைபடத்தின் மேலிருந்த காப்பிக் கோப்பைகளை ஓரம் தள்ளினாள் லைசனி. பாய்மரப் படகை வாடகைக்குப் பிடித்து யசாவா தீவுகளைச் சுற்ற வந்த நியூசிலாந்துத் தம்பதி விழித்தார்கள். யார் வந்தாலும் இதுதான் அவளுடைய முதல் கேள்வி. நீந்தத் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். தீவில் இறங்கினால் ஊர்த்தலைவர் முன்னால் சம்மணம் போட்டு, பானம் கரைக்கிற யங்கோனா வேர்க்கட்டையைக் காணிக்கையாக வைக்க வேண்டும். காலை நீட்டினால் மானம் போய்விடும். படகு வாடகை அலுவலகத் தரையிலேயே ஒத்திகை பார்த்துவிடுவாள். உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் போன ஆசாமிகளை நானே தூக்கிவிட்டிருக்கிறேன்.

ஏழு நாள் பயணத்துக்கு எங்கெங்கே நங்கூரம் என்று, மரவள்ளி வறுவலை ஒவ்வொன்றாக எடுத்து வரைபடத்தில் வைப்பாள். யாராவது பேராசைப்பட்டு "ஏழு நாளில் பதினாலு தீவு" என்றால் பாதி வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "இது லீவு இல்லைங்க, தபால்காரர் வேலை."

நான் லௌட்டோக்கா துறையில் படகுகளுக்குக் காய்கறி ஏற்றுகிறவன். என் காய்கறியைவிட என் வாய்தான் அந்த அலுவலகத்துக்கு அதிகம் தேவை. காரணம், படகோட்டி பெதெலி. லைசனியின் உடன்பிறந்த தம்பி. வளர்ந்த அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சண்டை கிண்டை ஒன்றுமில்லை, மரியாதை. இப்போது பலரும் விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு பிடிவாதங்களும் விடவில்லை.

"அண்ணே, படகு ஓட்டுறவர்கிட்ட சொல்லுங்க. செவ்வாக்கிழமை அங்க நிறுத்துனா ராத்திரி பூரா தொட்டிலாட்டம் ஆடும்."

வாசலில் நிற்கும் பெதெலி என்னைப் பார்ப்பான். "திட்டம் போடுறவங்ககிட்ட சொல்லுங்கண்ணே, நானும் இருபது வருஷமா கடல்லதான் குப்பை கொட்டுறேன்."

"கொட்டுனது போதும்னு சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் வாய் திறந்து சொன்னால்தான் மறுபக்கம் பதில் வரும். என்ன பிழைப்போ!

அந்தத் தம்பதி கிளம்பிய நாலாம் நாள். மாலையில் லைசனியின் அம்மா பிறந்த ஊர் விரிகுடாவில் நங்கூரம். மீன் பிடிப்பதும் நீந்துவதும் திட்டம். மதியம் ஊரிலிருந்து போன் வந்தது. தலைவர் காலமாகிவிட்டார், நூறு இரவுக்கு அந்தக் கடல் மூடப்பட்டுவிட்டது. தூண்டில் கூடாது, குளியல் கூடாது, கூச்சல் கூடாது.

லைசனி பதறிவிட்டாள். "மாமனுங்க துக்கத்துல இருக்கையில நம்ம படகு போய்க் கூத்தடிச்சா, அந்த ஊர்ல அப்புறம் எப்படிண்ணே தலை நிமிர்றது? சீக்கிரம் சொல்லுங்க!"

நான் ரேடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். பெதெலி சிரித்தான்.

"அண்ணே, என் மாமியார் துறையில காத்திருக்குன்னு சொல்லி என்னை ஒரு நாள் பூரா கடல்லயே சுத்தவிட்டவர்தானே நீங்க? போங்கண்ணே! விரிகுடா வாசல் கண்ணுக்குத் தெரியுது. தூண்டில வெளிய எடுக்கச் சொல்லிட்டேன்."

சத்தியம் செய்தேன். குலதெய்வத்தை இழுத்தேன். சிரிப்புதான் அதிகமானது. என் விளையாட்டுப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

லைசனி என் கையிலிருந்த மைக்கையே பார்த்தாள். வாயைத் திறந்தாள்; மூடினாள். சின்ன வயதுக்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசியவளில்லை. கண் கலங்கிவிட்டது.

"பொத்தானை அமுக்கிப் பிடிங்கண்ணே" என்றாள்.

இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துச் சேர்த்து, மெதுவாக மூன்று முறை தட்டினாள். தலைவருக்கு மரியாதை செய்கையில் தட்டும் தட்டு அது. விளையாட்டுக்கு யாரும் தட்டமாட்டார்கள். அந்த அலுவலகத்தில் அப்படித் தட்டுவதற்கு அவளை விட்டால் ஆளும் கிடையாது.

பொத்தானை விட்டேன். ரேடியோவில் சிரிப்பு இல்லை. பிறகு படகு திரும்புகிற இயந்திர இரைச்சல் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ அவனுக்காகப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவே, குழித்த கைகளின் சத்தம் மெதுவாக மூன்று முறை வந்தது.