ததும்ப ஊற்றிய டீ

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் பக்கத்துக் கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறேன். அவர் குடியை நிறுத்தி ஒரு வருசம் ஆகப் போகிற நேரம் அது.

ஞாயிறுதோறும் நாங்கள் போனது பொன்னேரிப் பக்கம் ஒரு குடி மறுவாழ்வு மையத்துக்கு. அங்கே ஆலோசனை சொல்ல இரண்டு பேர். ஒருவர் படித்த மேடம். குடியைத் தொட்டதே இல்லை. இன்னொருவர் லாரி ஓட்டிக் குடித்துக் கெட்டு, பிறகு நிறுத்தியவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்.

மேடம் பொறுமையாகக் கேட்பார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். அண்ணனிடம்தான் வாய் திறப்பார்.

ஞாயிறு கூட்டம் முடிந்ததும் அண்ணன் கண்ணாடி கிளாஸில் ததும்ப டீ ஊற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். மறைத்துக் குடிப்பவன் கை நடுங்கிச் சிந்திவிடும்.

"இன்னா நைனா, உன் கையில மட்டும் மிஷினு ஓடுது?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் சிந்தியதில்லை. "அண்ணன் குடிக்காம நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்டி" என்பார்.

ஒரு நாள் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். ஒயின் ஷாப் வாசலில் அண்ணன். கையில் பிளாஸ்டிக் டம்ளர். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வீட்டில் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. மேடம் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"அண்ணன் திரும்பக் குடிக்கிறார். வேற யாரோ சொல்லி நீங்க கேக்க வேணாம். அவரையும் இங்கயே சேர்க்கப் போறோம். அவர் விழுந்தா நீங்களும் விழணும்னு இல்ல."

"உங்களுக்கு இன்னா மேடம் தெரியும்? குடிச்சிப் பாத்துக்கிறீங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல. குடிச்சவங்ககூட உக்காந்திருக்கேன்."

இவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

வெளியே வந்ததும் கேட்டார்.

"உனுக்குத் தெரியுமா?"

"பாத்தேன்."

"நான் போயி இட்டுக்கினு வரேன். என்னைத் தூக்கி வுட்டவருடி அவரு."

"வேணாய்யா. மேடம் பாத்துக்குவாங்க."

"அவங்க இன்னா பாப்பாங்க? குடிச்சவனுக்குத்தான் தெரியும்."

நானும் குடித்ததில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார்.

பொழுது சாயும்போது வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. வாசலிலேயே நாற்றம் வந்துவிட்டது.

"அண்ணன் பாவம்டி. தனியா குட்சிக்கினு கீறாரு" என்று அழுதார்.

அதோடு நிற்கவில்லை. மையத்தில் சேராத அண்ணனைத் தேடித் தினமும் போனார். வேலைக்குப் போவது நின்றது. மேடம் போன் செய்துகொண்டே இருந்தார். ஒரு தடவையும் திட்டவில்லை. "கூட்டிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்பார். போனை வீட்டுக்காரர் காதில் வைத்தேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை டீ போட்டேன். அரை கிளாஸ்தான் ஊற்றினேன். அதையும் இரண்டு கையாலும் பிடித்தார். பாயெல்லாம் டீ.