மாத்து மாத்திரை

எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் எனக்கு வேலை. தாய்மார்கள் காப்பிப் பழம் பறித்துத் திரும்பும்வரை கைக்குழந்தைகள் என் பொறுப்பு. வலிப்புக்காரியிடம் பிள்ளையைக் கொடுப்பதா என்று முதலில் முணுமுணுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரை போட்டு, மூன்று வருடம் ஒரு தடவைகூட வலிப்பு வராமல் இருந்து அந்த வாய்களை அடைத்தேன்.

எண்பதுகளில், நான் போட்டுவந்த பெரிய கம்பெனி மாத்திரை அடிக்கடி கிடைக்காமல் போனது. சேலத்து டாக்டர் வேறொன்றை எழுதினார். “அதே மருந்துதாம்மா, அதே அளவு. பெரிய கம்பெனிப் பேரு இல்ல, அவ்வளவுதான். பழசுக்கு இது மாத்து.”

மாத்து என்றதும் எனக்கு மாத்தாள்தான் நினைவுக்கு வந்தது. பழம் பறிப்பதில் கைதேர்ந்தவள் லீவு போட்டால், ஆள்கணக்கு எழுதும் எங்கள் ரைட்டர் அவள் இடத்துக்கு இரண்டு மாத்தாள்களை அனுப்புவார். புதுசு ஒன்று ஈடு கொடுக்காதல்லவா? பேரில்லாத மாத்திரைக்கும் அதே கணக்கைப் போட்டு, வேளைக்கு இரண்டிரண்டாக விழுங்கினேன். யாரையும் கேட்கவில்லை. என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நான்காம் நாள் தரை ஆடியது. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு இரண்டு முகம் தெரிந்தது. தூக்கக் குனிந்தவள் கையை இழுத்துக்கொண்டேன். பயந்துவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்து சமையல்கார அக்காவைக் கூப்பிட்டேன். “புள்ளைங்களப் பாத்துக்குங்கக்கா, என்னால முடியலீங்க.”

அன்றே கணவரோடு சேலத்துக்கு பஸ் ஏறினேன். மலையடிவாரம் வரை வளைவுக்கு வளைவு குமட்டியது. பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் டாக்டர் மேசையில் வைத்து, மாத்தாள் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து, எந்த வேளைக்கு எத்தனை என்று எழுதியே கொடுத்தார்.

“ஒண்ணுக்கு ஒண்ணுதாம்மா. மருந்து ரெட்டிப்பாப் போனதாலதான் இந்தத் தள்ளாட்டம். நீங்களா கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எப்பவும் இதே கம்பெனியோடதையே வாங்குங்க.”

அதிலிருந்து காலி அட்டையோடுதான் மருந்துக் கடைக்குப் போவேன். கம்பெனி மாறியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்க மாட்டேன். “நொம்பக் கெடுபிடிங்க நீங்க” என்பார் கடைக்காரர். ஆமாம், அப்படித்தான்.

தள்ளாட்டம் நின்று, டாக்டர் சரி என்ற பிறகே வேலைக்குத் திரும்பினேன். நடந்ததைத் தாய்மார்களிடம் மறைக்கவில்லை. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தையின் தாய் மட்டும் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

“ஏனுங்கக்கா, இப்ப எத்தன மொகந் தெரியுதுங்க?”

“ஒண்ணுதான் கண்ணு.”

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.