டிவி பார்க்கக் கூடாத தெரு

பிள்ளைகளுக்குக் கணக்கு வந்துவிடாமல் காவல் காக்கும் வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தவள் உத்திரமேரூர் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலம் அது. டிவி பார்த்தால் பிள்ளைகள் உருப்படுவார்களா என்று ஆராய்ச்சி செய்ய சென்னையிலிருந்து ஒரு மேடம் மானாம்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். உள்ளூரில் படித்த ஆள் ஒருவர் உதவிக்கு வேண்டும் என்றார். "அந்தப் பொண்ணு வூட்ல சும்மாதான் கீது" என்று ஊரே என்னைக் கை காட்டியது. என் வாழ்க்கையில் நான் சம்பளம் வாங்கிய முதல் வேலை எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஆராய்ச்சி இதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லித்தரும் டிவி நிகழ்ச்சி ஒன்றை மேடம் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். ஒரு தெருப் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் அதைப் பார்க்க வேண்டும். இன்னொரு தெருப் பிள்ளைகள் பார்க்கவே கூடாது. கடைசியில் இரண்டு தெருவுக்கும் ஒரே பரீட்சை. பார்த்தவர்கள் அதிகம் தேறினால் பெருமை டிவிக்கு, அடுத்த பாடத்துக்கு இன்னொரு நிகழ்ச்சி வரும், என் வேலையும் தொடரும். நிகழ்ச்சி இரண்டாவது தெருவுக்குள் கசிந்துவிட்டால் எங்கள் ஊரில் ஆராய்ச்சி அம்பேல், என் வேலையும் அம்பேல். மேடம் இதை முதல் நாளே தன்மையாகச் சொல்லிவிட்டார்.

எந்தத் தெரு பார்ப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்றார் மேடம். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏரிக்கரைத் தெருவில் பெரிய டிவி வைத்திருந்த அண்ணி முன்னால் வந்தார். உறவு ஒன்றும் கிடையாது, எங்களுக்கெல்லாம் அவர் அண்ணிதான். "கம்ப்யூட்டரு உங்களுது. அது யாருக்கு வேண்டியதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? குடத்துல சீட்டு போடுங்க" என்றார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் யார் வீட்டுக் கூழ் முதலில் என்பதைக்கூட நாங்கள் குடத்தில் சீட்டு போட்டுத்தான் முடிவு செய்வோம். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று சிரித்தபடி சம்மதித்தார். சீட்டை எடுக்கச் சின்னப் பிள்ளை வேண்டும். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கையை விட்டாள். ஏரிக்கரைத் தெரு வந்தது. எங்கள் வீடு பள்ளிக்கூடத் தெருவில்.

எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எனக்கோ வேறு கவலை. என் மகளுக்கு வகுத்தல் சுத்தமாக வராது. நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருப்போம். அந்த நிகழ்ச்சியைப் பார்த்தாவது தேறுவாள் என்று ரகசியமாக ஆசைப்பட்டிருந்தேன். இப்போது அவளைப் பார்க்கவிடாமல் தடுப்பதே என் உத்தியோகம். பரீட்சை முடியும்வரை நானும் வீட்டில் வகுத்தல் சொல்லித்தரக் கூடாது என்று மேடம் சொன்னார். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நிபந்தனை மட்டும் எனக்கு இனித்தது.

நிகழ்ச்சியில் ஒரு பொம்மை ஆடு வரும். புல்லுக்கட்டுகளைக் குட்டிகளுக்குச் சமமாகப் பங்கு போடும். மிச்சம் விழுவதை "மீதி ஆட்டுக்கு" என்று சொல்லித் தானே மென்றுவிடும். பி.எட்.டில் எனக்கு இப்படி யாரும் சொல்லித்தரவில்லை. அண்ணி வீட்டில் அது ஓடும்போதெல்லாம் நான் வாசலில் நின்றுகொண்டு எங்கள் தெருப் பிள்ளைகளைத் துரத்துவேன். போகப்போகத் துரத்துவதற்கு ஆளே வரவில்லை. நம் அதட்டலுக்கு மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு முதல் நாள் வீட்டில் அதிரசம் செய்திருந்தேன். பங்கு போட்டது மகள். எல்லாருக்கும் சரிசமமாக வைத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "மீதி ஆட்டுக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "நீ முன்னால நிக்கற, அதுங்க தோட்டத்துப் பக்கமா வருதுங்க. வெளியில ஜன்னல புட்ச்சிக்கினு புள்ளைங்க பாத்துக்கினு நிக்க, எங்க புள்ளைங்க மட்டும் குந்திக்கினு பாத்தா கண்ணு பட்டுடும்மா. பக்கத்துல ஒரு புள்ள நின்னா, குடுத்துட்டுதானே துன்றோம்? டிவி மட்டும் இன்னா வேற? அதான் உள்ள கூப்ட்டு குந்த வெச்சேன்" என்றார். நானும் அதே ஊரில் வளர்ந்தவள்தான். கண் பட்டுவிடும் என்பதை மேடம் யோசிக்காமல் போனது பெரிதல்ல, எனக்குத் தோன்றாமல் போனதுதான் வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும் மகள் கேட்டாள்: "மேடத்துக்குத் தெரிஞ்சா உன் வேலை பூடுமாம்மா?"

"போயிடும். நாளைக்கு வந்ததும் சொல்லத்தான் போறேன்."

அவள் உடனே தெருவுக்கு விளையாடப் போய்விட்டாள்.

மறுநாள் மேடம் தாமதமாக வந்தார். வந்த வேகத்தில் பரீட்சையை ஆரம்பித்துவிட்டார், என்னைப் பேசவே விடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து தாள்களைத் திருத்தினோம். ஏரிக்கரைத் தெரு பிரமாதம். பள்ளிக்கூடத் தெருவில் அத்தனை பேருக்கும் பூஜ்யம். மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்படி ஒரு ரிசல்ட் நான் பார்த்ததே இல்லை" என்றார்.

அத்தனை பேருக்கும் பூஜ்யம் என்பது எனக்கு இடித்தது. தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விடை எட்டு வர வேண்டிய கணக்கில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒன்பது. பதினைந்து வர வேண்டியதில் எல்லாருக்கும் பதினாறு. ஒரு பிள்ளை தவறாமல் சரியான விடையோடு ஒன்றைக் கூட்டி எழுதியிருந்தது.

அந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். சபலம் தட்டாமல் இல்லை. ஆனாலும் அதிரசத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் தாள்களை வெகுநேரம் புரட்டினார். பிறகு கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். "ரெண்டு தெருவும் தேறிடுச்சு. ஆனா இதை நான் எங்கேயுமே எழுத முடியாது" என்றார். எங்கள் ஊரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நல்ல பெண்மணி, போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்.

வீட்டில் மகள் காத்திருந்தாள். "வேலை பூட்ச்சாம்மா?"

"போயிடுச்சு."

"அப்ப நாங்க தப்பா எழுதனது வேஸ்ட்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று பேச்சை மாற்றினேன். "எல்லாருக்கும் சொல்லி வெச்சது நீதானே? கண்டபடி எதையாவது எழுதியிருக்கலாமே, எதுக்கு ஒண்ணு ஒண்ணா கூட்டினீங்க?"

"நீதானே திருத்துவ. கண்டபடி எழுதினா, எனக்கு நெஜமாவே வரலன்னு நெனச்சிக்குவ இல்ல?"