என் புங்கமரத்துக்கு ஒரு குடம் போதவில்லை

திண்டுக்கல்லில் வீடு கட்டிக் குடிவந்த வருடம், வாசலில் நானே ஒரு புங்கங்கன்று நட்டேன். தூரைச் சுற்றிச் சின்னப் பாத்தி கட்டி, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலத்திலும், துணி அலசிய தண்ணீரைச் சேர்த்து வைத்து அந்த ஒரு குடத்தை நிறுத்தாமல் ஊற்றினேன். அதில் எனக்குப் பெருமைதான்.

மரம் மாடி உயரம் வளர்ந்த பிறகு, மழை பொய்த்த ஒரு கோடையில் நுனிக் கொப்புகள் காய ஆரம்பித்தன.

"பட்டுப்போச்சும்மா, வெட்டிருவோம். ஒடிஞ்சு கரண்டு கம்பியில விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று என் மகன் ஆள் கூட்டிவரக் கிளம்பினான்.

அன்று சேவுகம்பட்டியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். பூந்தோட்டம் வைத்திருப்பவள். மரத்தை ஒரு சுற்று வந்து சிரித்தாள்.

"ஏன் மதினி, மகனுக்கு இன்னமும் சங்குலதான் பால் ஊட்டுறீகளா? மரம் இம்புட்டு வளந்திருக்கு, நீங்க அதே ஒரு குடத்தை அதே தூர்ல ஊத்துறீக. தண்ணி குடிக்கிற வேரு நிழல் முடியிற இடத்துலல்ல கிடக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மகனிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நிழலின் ஓரமாக வட்டமாய் வாய்க்கால் வெட்டினேன். குளிக்கிற தண்ணீரையும் சேர்த்து, வாரத்துக்கு ஒருநாள் அதில் நிறைய விட்டேன். மாதம் முடியுமுன்னே காய்ந்த கொப்புகளுக்குக் கீழே தளிர் விட்டது.

இப்போதெல்லாம் சித்திரை பிறந்ததும், உச்சிவெயிலில் நிழல் எதுவரை விழுகிறது என்று பார்த்து வாய்க்காலைத் தள்ளி வெட்டுகிறேன். போன தடவை அது பக்கத்து வீட்டு வாசலைத் தொட்டுவிட்டது. அவர்கள் வீட்டுத் தண்ணீரும் இப்போது என் மரத்துக்குத்தான் வருகிறது.