சிவப்பு இலைக்கு அடியில் தின்ற சோறு

போன மாதம் மகளுடைய காரில் ரவாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சுங்கை சோ பக்கம் சாலையோரமாக இருபது முப்பது ரப்பர் மரங்கள் நின்றன. யாரோ விற்க மறந்த நிலமாக இருக்க வேண்டும். உச்சிக் கிளைகள் எல்லாம் செம்பு நிறத்தில் இருந்தன.

“என்னம்மா, மரமெல்லாம் காஞ்சு போச்சு?” என்றாள் மகள்.

“காயலடி. தளிர் விடுது. கண்ணாடிய எறக்கு” என்றேன்.

ஏர்கான் ஓடும்போது கண்ணாடியை இறக்கச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் இறக்கினாள். ரப்பர் பூவின் வாசனை உள்ளே வந்தது. அந்த வாசனையை எப்படிச் சொல்வது? தேனும் லேசாகப் புளித்த பாலும் கலந்த மாதிரி இருக்கும். பூ என்று பார்த்தால் ஒன்றுமில்லை, மஞ்சளாகத் தூள் தூளாக உதிரும். தலையில் வைக்கவும் உதவாது, சாமிக்கும் ஆகாது. நான் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து மகள், “மயக்கமா வருதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரே அறைதான் பள்ளிக்கூடம், ஒரே ஆசிரியை நான்தான். பின்னாலேயே ஒரு சின்ன வீடு, அதில் நானும் அம்மாவும். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் பள்ளியையும் சேர்த்து வளைத்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடியும்போதுதான் கேட்டைத் திறப்பார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட வேண்டும் என்பதற்காக அரிசி, சோறு, சீனி எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. கடையில் டின் பால் வாங்கினால்கூட, பதுக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு வெறும் கையோடு போக வேண்டும். உச்சி வெயிலுக்குத் திரும்பி வந்த பிறகுதான் சோறு.

எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததுபோல் நடந்துகொள்ளவில்லை. பத்தொன்பது வயதில், புதுச் சேலைக்கு மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு, நான்தான் இந்தத் தோட்டத்துக்கே வெளிச்சம் கொண்டுவந்தவள் என்று ஒரு நினைப்பு. அம்மாகூடச் சொல்வார், “ஒனக்குக் கால் தரையில படுதான்னு பாத்துக்க.”

அந்த வருடம் பாடப்புத்தகத்தில் ‘வசந்த காலம்’ என்று ஒரு பாடம் வந்தது. குயில், மாம்பூ, தென்றல். நான் உருகி உருகிப் படித்துக் காட்டினேன். மூன்றாம் வகுப்பில் பாக்கியம் என்று ஒரு பெண். வேலு, அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரர்களின் ஒரே மகள். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த நேரம். அவள் எழுந்து, “டீச்சர், வசந்தம் நம்ம தோட்டத்துக்கு எப்ப வரும்?” என்று கேட்டாள்.

பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு மாதமாக இலை உதிர்த்து எலும்புக்கூடாக நின்ற மரங்கள் அப்போதுதான் சிவப்பாகத் தளிர்விட்டிருந்தன. “அதோ வந்திருச்சு” என்றேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனேன். பிறந்தது முதல் பார்த்த மரத்தை அன்றுதான் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

அதிலிருந்துதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. தினமும் ஒவ்வொரு பிள்ளையும் ‘இன்று என் சந்தோஷம்’ என்று இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். கோலசிலாங்கூர் டவுனில் ஒரு முஸ்லிம் மாமாக் கடையில் எனக்காகக் கலர்ப் பென்சில் வாங்கப் போனவள், பிள்ளைகளுக்கென்று இன்னும் நான்கு பெட்டி வாங்கி வந்தேன். நன்றாக எழுதியவர்கள் பக்கத்தில் படம் வரையலாம். மிக நன்றாக இருந்தால் சுவரில் ஒட்டுவேன்.

என்ன எழுதினார்கள் தெரியுமா? “அம்மா இன்று ஏசவில்லை.” “ரொட்டிக்காரர் என்னைப் பார்த்து மணி அடித்தார்.” “மழை வந்தது. எங்கள் வீடு ஒழுகவில்லை, பக்கத்து வீடு ஒழுகியது.” படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பேன். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் புகைக்கூண்டிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டின் வாசனை, வேலி முள்ளில் தொங்கும் பனித்துளி, அம்மா சுடும் கருவாட்டின் சத்தம். துப்பாக்கியும் ஊரடங்கும் சூழ்ந்த அந்த இடத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். இன்று யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தேன்.

ஒருநாள் பாக்கியம் இப்படி எழுதினாள்: “பள்ளி இல்லாத நாளில் நான் பால் மங்கு துடைக்க ரப்பர்த் தீம்பாருக்குப் போனேன். அப்பா வாளியில் ஒளித்து வைத்த சோற்று உருண்டையை எடுத்து அம்மாவுக்கும் எனக்கும் பிட்டுக் கொடுத்தார். நாங்கள் சிவப்பு இலைக்கு அடியில் உட்கார்ந்து தின்றோம்.”

அஞ்சலை அப்போது ஏழு மாதக் கர்ப்பம். வெறும் வயிற்றில் மர வரிசையில் நிரை பிடித்து வெட்டியவள் இரண்டு முறை மயங்கி விழுந்ததை லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளுக்காகத்தான் வேலு அந்தச் சோற்றைக் கொண்டுபோயிருக்கிறார். நான் அதை நினைத்தேனா? இல்லை. ‘சோற்று’ என்பதில் ‘ற்’ விட்டுப்போயிருந்தது. அதைத்தான் பார்த்தேன். சிவப்பு மையால் திருத்தி, ‘மிக நன்று’ என்று போட்டுக் கொடுத்தேன். அவள் படம் வரைந்தாள். சிவப்பு மரம், வாளி, மூன்று பேர், அப்பாவின் கையில் பெரிதாக ஒரு வெள்ளை வட்டம். சுவரில் ஒட்டினேன்.

அடுத்த வாரம் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் நாயர் கிராணி வந்தார். கூடவே புதிதாக வந்த வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஆசைப்பட்டாராம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. குனிந்து குனிந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. என் பள்ளியை ஒரு வெள்ளைக்காரர் ரசிக்கிறார்!

பாக்கியத்தின் படத்தின் முன் நின்றார். “அழகாக இருக்கிறது. இது என்ன, நிலவா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஆமாம் சார், நிலாதான்” என்றார் கிராணி, சட்டென்று. அவர் மலையாளி என்றாலும் தமிழ் நன்றாக வாசிப்பார். என்னிடம் வாரப் பத்திரிகை இரவல் வாங்குகிறவர். பக்கத்தில் எழுதியிருந்ததை அதற்குள் படித்துவிட்டிருந்தார்.

நான் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தேன். “இல்லை சார், நிலா இல்லை. சோறு” என்றேன்.

அதோடு விட்டேனா? பயிற்சியில் படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, வரிக்கு வரி, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். வாளி, ஒளித்து வைத்தது, சிவப்பு இலை எல்லாம். கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இங்கிலீஷ் புரியாத பாக்கியம் தன் படத்தைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரி படத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நானே கிழியாமல் பிரித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கேட்டில் வேலுவின் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அடியில் வாழை இலையில் மடித்த ஒரு உருண்டை இருந்தது. அவரை அங்கேயே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவர் வெட்டும் பகுதியின் காட்டோரத்தில் யாரோ சமைத்துத் தின்ற அடுப்பை முந்தைய வாரம்தான் கண்டுபிடித்திருந்தார்களாம். கர்ப்பிணி மனைவிக்கு என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

பள்ளி விட்டதும் கிராணி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“நிலான்னு ஞான் சொன்னதல்லே டீச்சர்? வாய் மிண்டாம இருக்கக் கூடாதோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையாகவே அப்போதுதான்.

அன்றே போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அந்தப் பெண் கர்ப்பிணி, அவளுக்குத்தான் அந்தச் சோறு, குழந்தை எழுதியதை நம்புங்கள் என்று அழுதேன். அதிகாரி எனக்கு நாற்காலி போட்டார். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “நீங்கள் எங்களுக்கு உதவியாக இருந்தீர்கள், மிஸ்” என்றார். அந்தச் சொல்லோடு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது.

வேலுவை விசாரணை இல்லாமலே அடைத்து வைத்தார்கள். அஞ்சலைக்குப் பையன் பிறந்தான். மருத்துவச்சி வரும்வரை என் அம்மாதான் பக்கத்தில் இருந்தார். நான் போகவில்லை. பாக்கியம் மட்டும் பள்ளிக்குத் தவறாமல் வந்தாள். அதற்குப் பிறகு நான் யாரையும் சந்தோஷத்தை எழுதச் சொல்லவில்லை. “ஏன் டீச்சர் இப்பல்லாம் எழுத வேணாம்?” என்று பிள்ளைகள் கேட்டபோது பரீட்சை வருகிறது என்றேன்.

சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. வேலுவைக் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். அஞ்சலை இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள், கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. லோரி வந்து நின்ற காலையில், கைக்குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள்.

“போய்ட்டு வரேன் டீச்சர். இவ எழுதுறதுன்னா அவருக்கு உசுரு. நீங்கதான் அந்தப் பழக்கத்தக் குடுத்தீங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எந்தப் பாவியோ சொல்லிக் குடுத்துட்டான் டீச்சர். அவன் குடும்பம் வெளங்குமா?”

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாக்கியம் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், என் படம் எங்க?”

“அந்தத் தொரை கேட்டாரும்மா. குடுத்துட்டேன்.”

“தொரைக்குப் புடிச்சிருந்துச்சா?”

“புடிச்சிருந்துச்சு” என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவுக்கு முன்னால் ஓடிப் போய் லோரியில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கு மறையும்வரை கையாட்டினாள்.

எந்த ஊருக்குப் போனார்கள், அங்கே யார் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. கடிதம் வரவில்லை. எனக்கு எழுத முகவரி இல்லை, இருந்தாலும் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அந்த வருடக் கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டேன். பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் எத்தனையோ பள்ளிகளில் வேலை பார்த்தேன். நல்ல டீச்சர் என்று பேர் எடுத்தேன். அந்தப் பேரை யார் சொன்னாலும் உள்ளே ஒரு முள் குத்தும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அங்கே போனேன். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்களாம், அதையும் வெட்டிவிட்டு இப்போது வரிசை வரிசையாக வீடுகள். லயம் இல்லை. பள்ளியைக் கொண்டுபோய் டவுன் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். நாயர் கிராணி காலமாகி வெகு காலம். பள்ளி இருந்த இடம் இதுவாக இருக்கலாம் என்று ஒரு முனை வீட்டின் முன் நின்றுகொண்டிருந்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“யாரத் தேடுறீங்க ஆன்ட்டி?”

ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாத பேர் என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. “வேலு. வேலு, அஞ்சலை. அவங்க மக பாக்கியம்.”

அவள் நல்ல பெண். கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் கேட்டாள்.

“அப்படி யாரும் இங்க இல்லலா ஆன்ட்டி” என்றாள்.